முத்துக் கடலின் இரு கரைகள்

போரின் கொடுமையை உணர்ந்த ஊர்களே நட்பின் அருமையையும் ஆழ உணர்ந்தன. குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்தின் கொவென்ட்ரி, பெரும்போரில் அழிந்த சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடுடன் 1944இல் உறவு பூண்டது. வோல்கோகிராட் எனப் பின்னர்ப் பெயர் மாறிய அந்நகர் சென்னைக்கும் சகோதர நகராயிற்று. அமெரிக்காவின் டென்வர் நகரும் 1984இல் சென்னையுடன் அவ்வாறே இணைந்தது.

2008இல் மாநகராட்சியாக உயர்ந்த தூத்துக்குடிக்கும் இத்தகைய உறவு வேண்டும். எந்நகருடன்? தொலைவிலுள்ள செல்வ நகரொன்றைச் சிலர் நாடலாம். நாம் முன்மொழிவது கொழும்பையே.

இவ்வுறவு புதிதாகப் படைக்கப்பட வேண்டியதன்று. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து இரயிலேறி இலங்கை செல்வோர் தூத்துக்குடியிலேயே கப்பலேறினர். அக்கடல்வழியை அந்நியர் மட்டுமே ஆள்வதா எனக் கொதித்தெழுந்த வ.உ.சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் தோள்கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். காயல்பட்டினத்து வணிகர்களுக்கோ கொழும்பு மற்றொரு தாயகமாகவே விளங்கியது.

முத்து இன்னும் பழைய சாட்சி. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால், தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அங்குச் சென்று மூழ்கினர். மூழ்கியவனின் உயிர், படகில் கயிறு பிடித்து நின்றவன் கையில் இருந்தது. அவன் எவ்வூரினன், எம்மதத்தினன் என்று கடலடியில் எவரும் வினவவில்லை. 1961ஆம் ஆண்டோடு நம் கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. ஆயின் அந்தக் கயிற்றையும் கைவிட வேண்டுமா?

“மீனவர் பூசல் தீராதபோது நட்பு எதற்கு?” என வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. நம்மவர் சிறைப்படுவதும் படகுகளை இழப்பதும் துயரம். இழுவை மடிகளால் தம் வலைகளும் வாழ்வும் அறுபடுகின்றன என்னும் வட இலங்கை மீனவரின் குரலும் பொய்யன்று. இவ்விரு துயரங்களையும் ஒருங்கே கேட்கும் அவை வேண்டும் என்பதாலேயே நட்பைக் கோருகிறோம்.

எனினும் ஒப்பந்தத் தாள் மட்டும் உறவாகிவிடாது. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் ஆரவாரத்துடன் புறப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே நின்றுபோனது. விழா எடுத்தோம், ஏறிச் செல்லும் மக்களைத் திரட்டினோமில்லை. மாலை மாற்றிப் படமெடுத்துக்கொள்வதோடு நகர நட்பும் முடிந்தால் அதுவும் கரைதட்டும்.

ஆதலின் கல்விக்கூடங்களே முதலடி எடுத்து வைக்கட்டும். இங்குள்ள தமிழ்த்துறை மாணவர் ஆண்டுதோறும் கொழும்பு சென்று வரட்டும். அங்குள்ளோர் நம் இல்லங்களில் விருந்தினராகத் தங்கட்டும். இரு கரையின் முத்துக்குளிப்பு நினைவுகளை, முதியோர் மறையுமுன் தொகுக்கட்டும். மீனவப் பெரியோரும் வணிகரும் அம்மேடையில் அமரட்டும். மாநகராட்சிகளின் கையொப்பம் பின்னர் வரலாம். கயிற்றைப் பற்றும் கை முன்னர் நீள வேண்டும். அக்கை நம் மாணவர் கையாக இருக்க வேண்டுமென விழைகிறோம்.