ரப்பர் மரத்தின் தரவும் பொதுச் சொத்தே

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். சில மரங்களில் கத்தி பட்டும் பால் கசியாது. பட்டை வறண்டு, சிரட்டை காலியாகவே கிடக்கும்.

இந்தப் பட்டை வறட்சி நோயின்போது மரத்துக்குள் எந்த மரபணுக்கள் முடுக்கம் பெறுகின்றன, எவை அடங்குகின்றன என்று சீன ஆய்வாளர்கள் அளந்து, தரவைப் பொதுக் களஞ்சியங்களில் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘ஜியோ’ களஞ்சியம் 2000 முதல் இயங்குகிறது. புற்றுநோயோ ரப்பரோ, அங்குள்ள அளவீடுகளை நாகர்கோவில் கல்லூரி மாணவியும் கட்டணமின்றி இறக்கி, புதிய கேள்வி கேட்கலாம். எவ்வளவு பெரிய வாய்ப்பு!

ஆனால் நம் மரங்கள் நம் வெயிலிலும் இரு பருவமழையிலும் வளர்பவை. கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஐ 105 ரகத்துக்கு இங்கு எடுத்த அளவீடே பொருந்தும்.

அத்தகைய தரவைச் சேமிக்க ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022இல் திறக்கப்பட்டது. வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் மூலத்தரவு, மரத்தின் ரகம், வயது, வெட்டிய மாதம் ஆகிய குறிப்புகளோடு அங்கே சேர்வதை நிதி தரும் துறைகள் கறாராக உறுதிசெய்ய வேண்டும்.