கடனட்டைக்கு நூற்றுக்கு மூன்று கூட்டலாமா?

"காசென்றால் இந்த விலை, கார்ட் என்றால் நூற்றுக்கு மூன்று ரூபா கூட." கைத்தொலைபேசிக் கடைகளிலும் மின்சாதனக் கடைகளிலும் வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நமது வர்த்தகர்களில் பலர் இதைத் தவறென்று நினைப்பதுமில்லை.

வியாபாரியின் ஆதங்கம் நியாயமானதுதான். கடனட்டை மூலம் வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் வங்கி மீதியைக் கணக்கில் இடுகிறது. இலாபமே நூற்றுக்கு ஐந்தாக இருக்கும் சரக்கில் மூன்றை வங்கிக்குக் கொடுத்தால் மிஞ்சுவது என்ன?

ஆனால், அந்த இயந்திரத்தைப் பெறும்போது நாம் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருக்கிறோம். வங்கிக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் சுமத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இலங்கை மத்திய வங்கியும் இதைப் பொதுமக்களுக்கு அறிவித்து, மீறும் கடைகள் பற்றி வங்கியிடம் முறைப்பாடு செய்யுமாறு கேட்டிருக்கிறது. "ஆயிரம் ரூபாவுக்குக் குறைந்தால் கார்ட் எடுப்பதில்லை" என்று பலகை தொங்கவிடுவதும் விசா, மாஸ்டர்கார்ட் விதிகளுக்கு முரணானது. முறைப்பாடுகள் கூடினால் வங்கி இயந்திரத்தையே திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மாதம் 10 இலட்சம் ரூபா வியாபாரம் நடக்கும் கடையில் 4 இலட்சம் கடனட்டையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கட்டணம் 3 வீதமென்றால் கழிவது 12,000 ரூபா. மொத்த வியாபாரத்தில் இது 1.2 வீதம் மட்டுமே. கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் நாம் பற்றுச்சீட்டில் தனியாக எழுதுவதில்லை; விலைக்குள் அடக்கிவிடுகிறோம். இந்தச் செலவையும் அப்படி அடக்குவதில் என்ன கஷ்டம்? அதோடு, கடனட்டை வைத்திருப்பவர் கையிலுள்ள காசை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்குபவரல்லர். அவரைத் திருப்பியனுப்பினால் போவது மூன்று வீதமல்ல, முழு வியாபாரமும்.

வேறு வழிகளும் உண்டு. விற்பனை கூடியிருந்தால் கட்டணத்தைக் குறைக்கும்படி வங்கியுடன் பேரம் பேசலாம். மற்ற வங்கிகளின் வீதத்தையும் விசாரிக்கலாம். கட்டணம் குறைந்த லங்கா கியூஆர் முறையைக் கடையில் வைக்கலாம். காசு கொடுப்பவருக்குக் கழிவு வழங்க விரும்பினால், ஒப்பந்தம் அதற்கு இடமளிக்கிறதா என்று வங்கியிடம் கேட்டு, எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கலாம். குறித்த விலையிலிருந்து குறைப்பது கழிவு. குறித்த விலைக்கு மேல் கேட்பது அறவீடு. இரண்டும் ஒன்றல்ல.

சாமானில் ஒட்டிய விலை, வியாபாரி எழுதிக் கொடுத்த வாக்கு. கல்லாவுக்கு வந்த பிறகு அது மாறினால், வாடிக்கையாளர் வங்கியைக் குறை சொல்லமாட்டார், கடையைத்தான் சொல்வார். 12,000 ரூபாவை அடுத்த மாதமும் உழைக்கலாம். பல வருடம் உழைத்துச் சேர்த்த நற்பெயரை அப்படி உழைக்க முடியுமா?