நம்பரை மூடிட்டுக் கல்லைப் பாருங்க!

நண்பர்களே, ஜியாலஜி லேப்ல கல்லு மேல ஒட்டியிருக்கிற நம்பரை மனப்பாடம் பண்ணியே பாஸானவங்க எத்தனை பேர்? வெட்கப்படாதீங்க, நானும் அந்தக் கூட்டம்தான்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. 'புளூ மெட்டல்'னு சொல்லிட்டுக் கடந்து போறோமே, பல்லாவரம் பக்கத்துல அந்தக் கல்லோட பேர் சார்னோகைட். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. அதனால்தான் 1893-இல் தாமஸ் ஹாலண்ட் அவர் பேரையே அதுக்கு வச்சார். பரங்கிமலையில் உள்ள சார்னோகைட் பாறை இன்று தேசியப் புவியியல் சின்னம்.

கிரானைட் மாதிரியே இதிலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் உண்டு. வித்தியாசம் ஹைப்பர்ஸ்தீன். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர்ச்சத்து குறைந்த இடத்தில் இந்தப் பாறை உருவானதுக்கு அந்த ஒரு கனிமமே சாட்சி.

'இதெல்லாம் சிவிலுக்கு எதுக்கு?'ன்னு கேட்கலாம். மைக்கா அதிகமிருக்கிற பாறை தட்டைத் தட்டையா உடையும், ஜல்லிக்கு ஆகாது. சிலவகை சிலிக்கா சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து, பல வருஷம் கழிச்சு கான்கிரீட்டில் விரிசல் விடும். அந்தக் கட்டடத்துல குடியிருக்கிறவங்களுக்கு நம்ம இன்டர்னல் மார்க்கா முக்கியம்?

'பாறை மூணு வகை'ன்னு எழுதிட்டு வர்றது படிப்பில்லை. அடுத்த லேப்ல நம்பரைக் கையால மூடிக்கோங்க. லென்ஸ் வச்சுப் பாருங்க, கீறிப் பாருங்க. தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை. லேப்ல தப்பு பண்ணா மார்க்தான் போகும்.