கரும்பு வெட்டும் இயந்திரமும் கரும்பு வெட்டிய கைகளும்

தைப்பொங்கல் நெருங்கும் நாள்களில் மயிலை மாட வீதிகளிலும் தியாகராய நகர்க் கடைத்தெருக்களிலும் கட்டுக்கட்டாகக் கரும்பு வந்து இறங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2022ம் ஆண்டு இறுதியில் அரசின் பொங்கல் பரிசுத் தொகுப்பில் கரும்பு இல்லை என்றதும் உழவர்கள் குரல் எழுப்பினர். சில நாள்களிலேயே முழுக்கரும்பு ஒன்று சேர்க்கப்பட்டது. ஆனால் நாம் கடித்துச் சுவைக்கும் அந்தக் கறுப்புக் கரும்பு வேறு. நம் காபியில் கரையும் சர்க்கரைக்காக ஆலைக்குப் போகும் கரும்பு வேறு. இந்த இரண்டாவது கரும்பு எப்படி வெட்டப்படுகிறது, யார் வெட்டுகிறார்கள் என்று நகரவாசிகளாகிய நாம் கேட்பதில்லை. ஆனால் அதைப் பற்றிய கோப்புகள் நமக்கு வெகு அருகில்தான் நகர்கின்றன. சர்க்கரைத் துறையின் அலுவலகமும், வேளாண் பொறியியல் துறையின் தலைமை அலுவலகமும் தி.நகரை ஒட்டிய நந்தனத்தில், அண்ணா சாலையில்தான் இருக்கின்றன.

இன்று அந்தக் கோப்புகளில் அடிக்கடி இடம்பெறுவது கரும்பு அறுவடை இயந்திரம். முதலில் கொழுந்தாடையை நறுக்கி, அடிக்கரும்பைத் தரையோடு வெட்டி, கழியைச் சுமார் ஒரு சாண் நீளத் துண்டுகளாக்கி, தோகையை விசிறியால் ஊதி வயலிலேயே தள்ளிவிட்டு, துண்டுகளை மட்டும் பக்கத்தில் வரும் டிராக்டர் வண்டியில் கொட்டுகிறது. ஓர் ஆள் நாளெல்லாம் வெட்டினால் ஏறத்தாழ ஒரு டன். இயந்திரமோ ஒரு நாளில் நூறு டன்னையும் தாண்டும்.

உழவர் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்தில் வெட்டுக்கூலி உழவரின் தலையில்தான் விழுகிறது. 2024-25 அரவைப் பருவத்திற்கு, மத்திய அரசு நிர்ணயித்த 3,151 ரூபாயோடு மாநில அரசின் ஊக்கத்தொகை 349 ரூபாயும் சேர்ந்து டன்னுக்கு 3,500 ரூபாய் என்று ஆனது. அதில் வெட்டுக்கூலி மட்டுமே பல இடங்களில் ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தும் ஆள் கிடைக்காமல், கரும்பு பூத்து, காய்ந்து, எடை குறைவதைப் பார்த்துக் கொண்டிருந்த உழவரிடம் போய் இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எனினும் இது பெருந்தோட்டங்களுக்காகப் பிறந்த இயந்திரம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1970களின் இறுதிக்குள் கையால் வெட்டுவது ஏறக்குறைய மறைந்தே போனது. அங்கு வயலின் எல்லை கண்ணுக்குத் தெரியாது. நம் நிலை அதுவல்ல. 1970ம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 15 தர ஏக்கர்தான் நில உச்சவரம்பு. சராசரி உழவரிடம் இருப்பதோ இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இயந்திரம் நுழைய ஐந்தடி அகலத்தில் பார் அமைக்க வேண்டும், திரும்ப வரப்போரம் இடம் விட வேண்டும், மழை பெய்த களிமண்ணில் அது இறங்காது. வெட்டிய துண்டுகளையும் ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும், இல்லையேல் புளித்துவிடும். எனவே பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் நட்டால்தான் இயந்திரம் வரும். தனியே ஒரு காணி வைத்திருப்பவர் மீண்டும் ஆள் தேடித்தான் அலைய வேண்டும்.

அந்த ஆள்கள் யார்? விடியுமுன் வயலில் இறங்கி, அரம் போன்ற தோகை உடம்பைக் கீற, குனிந்தபடியே வெட்டி, கட்டுகளைத் தலையில் சுமந்து பலகை வழியே லாரியில் ஏற்றுபவர்கள். வயலோரக் குடிசையில் குழந்தைகளோடு தங்கி, பள்ளியை இழப்பவர்கள். அவர்களை அழைத்து வருபவர் மேஸ்திரி, கட்டிப்போடுவது முன்பணம். வடமாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் கரும்பு வயல்களிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். 1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குச் சென்றவர்களும் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர்களே. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதியார் பாடியது நமக்கு மனப்பாடம். கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் யார் பாடுவது?

ஆகவே கையால் வெட்டும் வேலை நீடிக்க வேண்டும் என்று நாம் ஏங்கவில்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் 2019ம் ஆண்டு அரசுக்குழு நடத்திய ஆய்வில், கரும்பு வெட்டச் செல்லும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது தெரியவந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். அதற்கு அஞ்சி உடலையே அறுத்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர். இப்படிப்பட்ட வேலை ஒழிவது நல்லதே.

ஆனால் இங்கே இரண்டு கடன்கள் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத பெரிய இயந்திரத்தை வாங்குபவருக்கும் கடன் உண்டு. அந்தக் கடனுக்கு வங்கி இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வேளாண் பொறியியல் துறை வழியே 40 விழுக்காடு மானியமும் இருக்கிறது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவரின் கடனுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. இயந்திரம் வந்ததும் வேலை போகிறது, முன்பணம் போவதில்லை. அதைக் கழிக்க அதே குடும்பம் செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ அனுப்பப்படுகிறது. 1976ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனை ரத்து செய்கிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கு முதலில் அவர் கொத்தடிமை என்று கோட்டாட்சியர் விடுதலைச் சான்று தர வேண்டும். உடனடி உதவியாக 30 ஆயிரம் ரூபாய் வரை கிடைக்கலாம். மறுவாழ்வுத் தொகையின் பெரும்பகுதியோ குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான். வெட்டாளின் முதலாளி யார் என்று கேட்டால் உழவர் ஆலையைக் காட்டுவார், ஆலை உழவரைக் காட்டும், இருவரும் மேஸ்திரியைக் காட்டுவார்கள். இந்த நிலையில் தண்டனை யாருக்கு?

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ மாநிலத்தில், கரும்பை எரித்து வெட்டுவதைப் படிப்படியாக நிறுத்த 2002ல் சட்டம் வந்தது, இயந்திரங்கள் பெருகின. ஆலை அதிபர்களும் தொழிற்சங்கமும் சேர்ந்து வெட்டாள்களுக்கு மாற்றுத்தொழில் பயிற்சி தொடங்கினர். அதில் இடம் பெற்றவர்கள் வேலை இழந்தவர்களில் சிறு பகுதியினரே. ஆயினும் இயந்திரத்தோடு சேர்த்து மனிதரையும் கணக்கில் எடுத்தார்களே, அதை நாம் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மகாராஷ்டிராவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்க்கென ஒரு நலவாரியக் கழகம் இருக்கிறது. அரைக்கும் ஒவ்வொரு டன் கரும்புக்கும் ஆலைகள் பத்து ரூபாய் தருவது, அதே அளவு அரசும் தருவது என்பது ஏற்பாடு. வசூலிலும் செலவிலும் குறைகள் சொல்லப்படுகின்றன. நந்தனத்தில் அடுத்த மானியப் பட்டியல் தயாராகும்போது, அந்தந்த ஆலைப் பகுதியின் வெட்டாள்களைப் பெயரோடு பதிவு செய்து, அவர்களின் முன்பணக் கணக்கை வருவாய்த்துறை முன்னிலையில் தீர்த்த பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும் என ஒரு வரி சேர்க்கலாம். செலவுக்கு, 3,500 ரூபாய்க் கரும்பில் டன்னுக்குப் பத்து ரூபாய். அதையும் உழவரின் பங்கில் கழிக்காமல், ஆலையின் பங்கில்.