லட்சத்தில் ஒன்று



மருந்து கலக்கும் அறைக்குள் ஆளை அனுப்பாமல், வயர்லெஸ்ஸில் எந்திரத்தை இயக்கலாமே என்று பட்டாசு ஆலையில் இருக்கும் பழைய மாணவன் கேட்டான். நல்ல யோசனைதான். ஆனால் "சிக்னல் ஃபுல்லா இருக்கு சார்" என்பதை மட்டும் நம்பாதே என்றேன்.

சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில நொடி ஒன்றையொன்று அழித்துவிடும். ரேலி பரவல் என்ற கணக்குப்படி, லட்சத்தில் ஒரு தடவை சிக்னலின் சக்தி தன் சராசரியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். 5ஜி-யில் இத்தகைய வேலைக்கு வைத்த இலக்கோ, லட்சத்துக்கு 99,999 தகவல் 1 மில்லி விநாடிக்குள் சேர வேண்டும் என்பது. மிச்சமுள்ள அந்த ஒன்றைப் பிடிக்கப் பல லட்சம் தடவை அளக்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் போனார்கள். வருடத்தில் எத்தனை நாள் அமைதி என்ற சராசரி அன்று யாருக்கு ஆறுதல்?

வகுப்பில் சராசரியைத்தான் அதிகம் நடத்தினேன். இப்போது சொல்கிறேன்: விற்க வருபவரிடம் சராசரியைக் கேட்காதீர்கள். லட்சத்தில் எத்தனை தடவை தவறும், எங்கே அளந்தீர்கள் என்று கேளுங்கள். நம் ஆலைச் சுவர்களுக்குள் அளக்கச் சொல்லுங்கள். தகவல் வராவிட்டால் எந்திரம் தானாக நிற்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்