வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் நெல்: 'மார்க்கர்' செய்வது என்ன?

வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் சம்பா வயல் மூழ்கினால் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். பெரும்பாலான நெல் ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீருக்குள் தாங்காது. 'சிஆர் 1009 சப்-1' ரகமோ இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும்.

எப்படி?

ஒடிசாவின் பழைய நெல் 'எஃப்ஆர் 13ஏ'யில் உள்ள 'சப்1ஏ' மரபணுதான் காரணம். 2006-ல் இது அடையாளம் காணப்பட்டது. இந்தக் குணம் சேர்ந்த ஸ்வர்ணா நெல் 2009-ல் இந்தியாவில் வெளியானது.

மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. வழக்கமான ஒட்டுச் சேர்க்கைதான். நாற்றின் இலைத்துணுக்கில் டிஎன்ஏ எடுத்து, அந்த மரபணுவைக் காட்டும் 'மார்க்கர்' இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கும் நாற்று மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். ஒவ்வொரு தலைமுறையையும் மூழ்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை, வருடங்கள் மிச்சம்.

பிறகு பயிற்சி எதற்கு?

மார்க்கருக்கும் மரபணுவுக்கும் இடைவெளி இருந்தால் இரண்டும் பிரிந்துபோகலாம். அப்போது ஆய்வக முடிவு ஏமாற்றிவிடும். விளைச்சல் போன்ற குணங்களைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால், ஒரு மார்க்கர் போதாது. ஆய்வக முடிவைப் படிக்கவும் வயலில் அதைச் சரிபார்க்கவும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவியை வாங்கிவிடலாம், அந்த ஆளை உருவாக்கத்தான் வேண்டும்.