வவுச்சர் இல்லாத கஞ்சாக் கணக்கு

போன மாசம் எங்க கிளாஸ்ல புராஜெக்ட் பிரசன்டேஷன். தலைப்பு: "பள்ளி மாணவர்களும் கஞ்சாவும்". பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த ஆராய்ச்சின்னு கேக்காதீங்க, குலுக்கல்ல விழுந்தது :-)

ஒரு குரூப் ஸ்லைடு போட்டாங்க. "கடலோர கிராம மாணவர்களிடையே கஞ்சாப் பழக்கம் மிக அதிகம்." கீழே ஆதாரம்னு ஒரு இணைய முகவரி. யாரும் எதுவும் கேக்கல. எனக்கு மட்டும் கண்ணு கடைசி பெஞ்சுக்குப் போச்சு. அங்க உக்காந்திருந்தவன் எங்க புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பையன். சனி, ஞாயிறு அப்பாவோட ஃபைபர் போட்ல கடலுக்குப் போவான். திங்கக்கிழமை தூக்கம் இல்லாம கண்ணு சிவந்துதான் வருவான். அன்னிக்கு திங்கக்கிழமை. ரெண்டு பேர் திரும்பி அவனைப் பார்த்து சிரிச்சாங்க. அவன் குனிஞ்சு நோட்டுல ஏதோ எழுதற மாதிரி இருந்துட்டான்.

கோவமா வீட்டுக்கு வந்து என் பேப்பரைத் திறந்தேன். மூணாவது பக்கத்துல அதே வரி. நானும் எழுதியிருக்கேன்! அதனால இந்தத் திட்டு முதல்ல எனக்கு, அப்புறம்தான் உங்களுக்கு.

அந்த வரி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினேன். மூணு இணையதளத்துல இருந்தது. மூணு ஆதாரம் இருக்கேன்னுதான் நான் நம்பினேன். ஆனா மூணும் ஒரே செய்தியைப் பார்த்து எழுதினது. அந்தச் செய்தியோ ஏதோ ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துல ஒருத்தர் பேசின பேச்சு. அவருக்கு யார் சொன்னாங்க? அதுக்கு மேல போக வழியே இல்லை. கூடவே ஒரு சதவீதமும் இருந்தது. அதை இங்க எழுத மாட்டேன். எழுதினா நாளைக்கு அதையும் ஒருத்தர் எடுத்துப் போடுவார்.

மக்களே, ஆடிட்டிங் பேப்பர்ல நாம என்ன படிக்கிறோம்? வவுச்சிங். பில் இல்லாத செலவை ஒத்துக்காதே. ஒரே பில்லோட மூணு ஜெராக்ஸை மூணு செலவா எழுதினா பிடி. பத்து ரூபா டீ செலவுக்கு இவ்வளவு பாக்குற நாம, ஒரு ஊர்ப் பசங்களோட மானத்துக்கு மட்டும் வவுச்சர் கேக்க மாட்டோமா?

"போலீஸ் கணக்கு இருக்கே"ன்னு ஒருத்தன் சொன்னான். இருக்கு. ஆனா அது எதோட கணக்கு? தமிழ்நாடு போலீஸ் 2021 டிசம்பர்ல "ஆபரேஷன் கஞ்சா வேட்டை"ன்னு ஆரம்பிச்சாங்க. 2022 மார்ச்ல அதோட ரெண்டாவது சுற்று. வேட்டை நடக்குற மாசத்துல வழக்கு ஏறத்தான் செய்யும், தேடினா கிடைக்கும். அது போலீஸ் எவ்வளவு வேலை செஞ்சாங்கங்கறதோட கணக்கு. எத்தனை பதினஞ்சு வயசுப் பையன் இழுத்தான்ங்கறதோட கணக்கு இல்லை. மூட்டை கடத்தின நாப்பது வயசு ஆளும் அதுக்குள்ளதான் இருக்கார்.

சரி, நல்ல ஆதாரமே இல்லையா? இருக்கு, நாமதான் படிக்கல. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தின ஆய்வு, 2019 பிப்ரவரில அறிக்கை வந்துச்சு. 186 மாவட்டம், ரெண்டு லட்சம் வீடு, 4,73,569 பேர். அதுல 10லேர்ந்து 17 வயசு வரைக்கும் கஞ்சா வகையறா பயன்படுத்தினவங்க 0.9 சதவீதம், பெரியவங்க 3.3 சதவீதம். பசங்க பெரியவங்களை மிஞ்சினது ஒரே ஒரு பொருள்லதான். கஞ்சா இல்லை, பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் மாதிரி மோந்து பாக்குற சமாச்சாரம்! பசங்க 1.17, பெரியவங்க 0.58. எங்க கிளாஸ்ல எந்த குரூப்பாவது இதைச் சொன்னாங்களா? இல்லை. கஞ்சான்னாதான் தலைப்பு நல்லா இருக்கு.

இந்த அறிக்கையையும் கண்ணை மூடிட்டு நம்பச் சொல்லல. அந்த 0.9ல பாங்கும் சேர்ந்திருக்கு. 1985ம் வருஷ போதைப்பொருள் சட்டத்துல வெறும் இலை கஞ்சாவே கிடையாது, சில வடமாநிலங்கள்ல லைசென்ஸ் கடையில பாங்கு விக்கிறாங்க. அந்த எண்ணைத் தூக்கி அப்படியே தமிழ்நாட்டுல வைக்க முடியாது. வீட்டுல வந்து கேட்டா பையன் உண்மையைச் சொல்வானாங்கறதும் ஒரு கேள்வி. ஆனா இதையெல்லாம் கேக்க முடியுதே, அதுதான் நல்ல ஆதாரத்துக்கு அடையாளம். எப்படி எண்ணினோம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. மேடைப் பேச்சுகிட்ட இந்தக் கேள்வியைக் கேக்கவே முடியாது.

இது புது வியாதி இல்லை. 1893ல வெள்ளைக்கார அரசாங்கம் கஞ்சா பத்தி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டுச்சு. சாட்சிகள் 1,193 பேர். கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும்னு அப்போ எல்லாரும் சொன்னதுக்கு ஆதாரம், மனநல விடுதிகளோட வருஷாந்திரப் பட்டியல். கமிஷன்காரங்க அதோட நிக்கல, 1892ல சேர்ந்தவங்களோட கேஸை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தாங்க. கஞ்சா வகையால வந்ததுன்னு எழுதியிருந்தது 222 கேஸ். கொஞ்சமாவது நிக்கக்கூடியது 98தான். மிச்சம்? நோயாளியைக் கொண்டு வந்து விட்ட போலீஸ்காரர் "காரணம்"ங்கற கட்டத்துல ஏதாவது எழுதணுமேன்னு எழுதினது. அதை குமாஸ்தா காப்பி அடிச்சார், அதைப் பெரிய டாக்டர் அறிக்கையாக்கினார். நம்ம ஸ்லைடும் இதே பரம்பரைதான்.

கஞ்சா ஆதரவு கோஷ்டி சந்தோஷப்பட வேண்டாம், உங்களுக்கும் இருக்கு. "மிதமா எடுத்தா கெடுதல் இல்லைன்னு அந்தக் கமிஷனே சொல்லிடுச்சு"ன்னு ஃபார்வர்டு பண்றீங்க. அதே கமிஷன் அளவு மீறினா கெடுதல்னும் சொல்லிச்சு, அதை ஏன் வெட்டினீங்க? கஞ்சாவுல வரி வாங்கிட்டிருந்த அரசாங்கம் போட்ட கமிஷன்ங்கறதை ஏன் சொல்லல? வளர்ற பையனோட மூளையைப் பத்தி 1894ல என்ன தெரியும்?

எதிர்ப்பு கோஷ்டிக்கும் ஒண்ணு. நியூசிலாந்து டுனெடின் ஆய்வுன்னு 2012ல வந்தது. சின்ன வயசுலயே ஆரம்பிச்சு விடாம பயன்படுத்தினவங்களுக்கு ஐக்யூ 8 புள்ளி வரைக்கும் குறைஞ்சதுன்னு சொன்னது. எல்லாரும் அதோட நிறுத்திடறாங்க. அது வறுமையால வந்த வித்தியாசமா இருக்கலாமேன்னு 2013ல அதே இதழ்ல மறுப்பு வந்தது. 2016ல இரட்டையர்களை வச்சுப் பார்த்தப்போ, பயன்படுத்தினவருக்கும் கூடப் பிறந்தவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. அதனால கஞ்சா நல்லதுன்னு ஆயிடாது. ஒரு ஆய்வைச் சொன்னா அதுக்கு வந்த பதிலையும் சொல்லணும், அவ்வளவுதான்.

"இதெல்லாம் படிக்க நேரம் எங்கடா, ஏஐ கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல பதினஞ்சு ஆதாரம் தருது"ன்னு சொல்றவங்களுக்கு: தருது. அதுல எத்தனை நிஜமாவே இருக்குன்னு தேடிப் பார்த்தீங்களா? பதினஞ்சு வேண்டாம், நாலு போதும். ஆனா நாலையும் திறந்து படிச்சிருக்கணும். யார் எண்ணினது, யாரை எண்ணினது, எப்படி எண்ணினது, இந்த எண்ணால யாருக்கு லாபம்? இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லாத வரியை வெட்டிடுங்க.

நிஜமாவே இந்தப் பழக்கத்துல மாட்டின பசங்க இருக்காங்க, அவங்களுக்கு உதவி வேணும். அதனாலதான் கணக்கு சரியா இருக்கணும்னு கத்தறேன். தப்பான ஊரைக் காட்டினா, உதவி போக வேண்டிய இடத்துக்குப் போகாது. சந்தேகம் மட்டும் போகும்.

என் பேப்பர்ல அந்த வரியை எடுத்துட்டேன். ரெண்டு பக்கம் குறைஞ்சிடுச்சு, மார்க்கும் குறையும், பரவாயில்லை. கடைசி பெஞ்சுக்காரன்கிட்ட போய் "சாரிடா, நானும் அதையே எழுதியிருந்தேன்"னு சொன்னேன். "நீயாவது அடிச்சிட்ட, அந்த ஸ்லைடு இன்னும் குரூப்ல சுத்திட்டு இருக்கு"ன்னான்.

அந்த ஸ்லைடைப் போட்டவங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். ஒண்ணு, வவுச்சரைக் காட்டுங்க. இல்லைன்னா அதே குரூப்ல அந்த வரி தப்புன்னு எழுதுங்க.